பிறகு என்றொரு மஞ்சள் பை

அத்தியாயம் 11

நேற்று மாலை ஹிஞ்சேவாடியில் நடந்ததை ஹெலினா வீட்டில் முழுதாகச் சொல்லவில்லை.

"தம்பி கொஞ்சம் வெளிய போயிட்டான், கூட்டிட்டு வந்துட்டாங்க" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாள். கம்பெனி கார்கள் மூன்று வரிசையாக ஹார்ன் அடித்துக்கொண்டிருந்த சாலையின் நடுவில், கொட்டும் மழையில், முதுகில் பையோடு ஜெரோஷ் நாற்பது நிமிடம் நின்றிருந்தான். போகிற வருகிற பெண்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் குனிந்து பார்த்தானாம். யாரைத் தேடுகிறாய் என்று செக்யூரிட்டி கேட்டதற்கு, "அம்மா. நந்தர்" என்றானாம்.

நந்தர் என்றால் மராத்தியில் பிறகு.

அவனுடைய அம்மா ஆரோக்கியமணி இறந்து பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன.

ஜெரோஷுக்கு அடுத்த மாதம் இருபத்தொரு வயது முடிகிறது. அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கான அவனுடைய பள்ளியில் இருபத்தொன்றுக்கு மேல் யாரையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், அவன் அக்கா ஹெலினா அங்கேயே டீச்சராக இருந்தாலும். அதற்குப் பிறகு அவன் பகலெல்லாம் எங்கே இருப்பான் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் கிடைத்திருந்தது. ஹிஞ்சேவாடியில் ஓர் ஆபீஸ் கேன்டீன். ஸ்பூன், டிஷ்யூ, சோம்புப் பொட்டலம் மூன்றையும் ஒரு கவரில் போட்டு ஒட்டும் வேலை, மாலை மூன்றிலிருந்து ஆறு வரை. ஒரு வாரம் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

நான்கு நாளும் மூன்றரை மணிக்கு அவன் வேலையை வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனான். மூன்று நாள் உள்ளேயே பிடித்துவிட்டார்கள். நாலாவது நாள் நேற்று.

"வேலை சூப்பரா பண்றார் மேம்," என்று கேன்டீன் பொறுப்பாளர் ப்ரீதி போனில் சொல்லியிருந்தாள். "பட், திஸ் இஸ் சேஃப்டி. இன்னைக்கு மாதிரி நாளைக்கும் ஆச்சுன்னா என்னால முடியாது. ரியலி சாரி."

அந்த நாளைதான் இன்று.

*

தேஹு ரோடில் ரயில் சத்தம் கேட்டுக் கேட்டு விரிசல் விட்ட வீடுகளில் ஒன்று அவர்களுடையது. காலை ஏழரை மணிக்கு அப்பா ஹெர்பர்ட் சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ஆயுத டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகுதான் அடுப்படிக்குள் வந்தார். இன்றும் எந்த டப்பாவில் என்ன இருக்கிறதென்று ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்துதான் தெரிந்துகொள்வார்.

கூடத்தில் ஜெரோஷ் ஷூ போட்டுக்கொண்டிருந்தான். இடது, வலது, பிறகு இரண்டையும் ஒரு தட்டு.

"இன்னைக்கு அந்த அட்டைய எடுக்கப் போறேன்ப்பா," என்றாள் ஹெலினா.

"எந்த அட்டை?"

"அம்மா அட்டை. ஸ்கூல்ல இருக்கிற போட்டோ."

ஹெர்பர்ட் ஆற்றுவதை நிறுத்தினார். "எடுத்து?"

"நீல டப்பால போடணும்."

"முடிஞ்சு போச்சுன்னா?"

"ஆமா."

அவர் டம்ளரை மேடையில் வைத்தார். "ஏட்டி, அத பெறவுன்னு மஞ்சப் பையில போட்டது நானா?"

"இல்ல. நான்தான்."

"அப்ப கெடக்கட்டும். அவனுக்கு என்ன கொறஞ்சு போச்சு? மூன்றரைக்கு வாசல்ல போய் அஞ்சு நிமிசம் நிக்கான். பெறவு வந்துருதான். யாரைக் கடிச்சான், யாரை அடிச்சான்?"

"ஸ்கூல்ல அஞ்சு நிமிசம்ப்பா. அங்க கேட்டு பூட்டியிருக்கும். நேத்து நின்னது நடுரோட்டுல. நாப்பது நிமிசம். கார்க்காரன் ஒருத்தன் இறங்கி இவனைத் தள்ளி விட்டிருக்கான்."

இதை அவள் சொல்ல நினைத்திருக்கவில்லை.

ஹெர்பர்ட் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஜெரோஷ் டிபன் பாக்ஸின் கிளிப்பை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான். இரண்டு முறை மூடினால்தான் அவனுக்கு அது மூடியது.

"வேற வழி ஒண்ணும் இல்லியா?"

"இந்த இடமும் போச்சுன்னா வீட்டுலதான் இருக்கணும். இருபத்தோரு வயசுலேர்ந்து. இந்தக் கூடத்துல. உங்களுக்கும் எனக்கும் பெறவு?"

அப்பா டீத் தூள் டப்பாவை வேண்டுமென்றே தப்பான இடத்தில் வைத்தபடி சொன்னார்.

"இந்த வீட்டுல ஒருத்தனாவது அவ வருவான்னு நெனச்சிட்டு இருக்கான். அதையும் எடுத்துப்புடாத."

*

பள்ளி வாசலில் அக்கா தம்பி இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஷேர் ஆட்டோவில் அவள் மடியில் பையை வைத்து, தோளில் சாய்ந்து, "அக்கா, மழை. அக்கா, எருமை. அக்கா, பஸ்" என்று உலகத்தை அறிவித்துக்கொண்டே வருபவன், கேட்டைத் தாண்டியதும் இரண்டடி விலகி நிற்பான். சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வான்.

"குட் மார்னிங் டீச்சர்."

"குட் மார்னிங் ஜெரோஷ்."

இந்த விதியை அவள் கற்றுத் தரவில்லை. அவனே வகுத்துக்கொண்டான். மற்ற பிள்ளைகளுக்கு அக்கா இல்லாதபோது தனக்கு மட்டும் இருப்பது நியாயமில்லை என்று நினைத்தானோ என்னவோ.

வகுப்பில் ஒன்பது பேர். ஹிந்தியும் மராத்தியும் தமிழும் கலந்த ஒரு பாஷை அங்கே நடக்கும். சுவரில் நீளமான பச்சைத் துணிப் பலகை. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒட்டியெடுக்கிற பட அட்டைகள். கை கழுவுதல், மணி கோர்த்தல், சாப்பாடு, பாட்டு. பேச்சில் சொன்னால் நிற்காத விஷயம் படத்தில் நிற்கும். காலையில் அன்றைய நாள் முழுவதும் வரிசையாகச் சுவரில் இருக்கும். செய்து முடித்த அட்டையைப் பிள்ளையே பிய்த்து நீல டப்பாவில் போட வேண்டும். அது முடிந்தது.

இப்போது நடக்க முடியாமல் போனது மஞ்சள் துணிப்பைக்குள் போகும். அது நந்தர். பிறகு.

அந்த மஞ்சள் பையை நம்பவைக்க ஹெலினாவுக்கு இரண்டு வருஷம் ஆனது. மீனல் என்ற பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு ஊஞ்சல்தான் உலகம். மழை வந்து ஊஞ்சல் நின்றால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள். ஹெலினா ஊஞ்சல் அட்டையைப் பையில் போட்டு, "நந்தர்" என்பாள். ஒரு முறை நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் பதினைந்தே நிமிடம் மழை விட்டது. கணக்கு வகுப்பைப் பாதியில் நிறுத்தி, மீனலை இழுத்துக்கொண்டு ஓடி, ஊஞ்சலின் ஈரத்தைத் தன் துப்பட்டாவால் துடைத்து உட்காரவைத்தாள். அன்றிலிருந்து மீனல் தலையை மோதிக்கொள்வதில்லை. பைக்குள் போனது கட்டாயம் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது பேருக்கும் தெரியும்.

ஜெரோஷின் வரிசையில் கடைசி அட்டை அம்மாவின் போட்டோ. மூன்றரை மணிக்கு அம்மா வந்து கூட்டிப் போவாள்.

ஆரோக்கியமணி ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்து இறந்தபோது ஜெரோஷுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டியிடம் விட்டிருந்தார்கள். பெட்டியை அவன் பார்க்கவில்லை. குழியைப் பார்க்கவில்லை. பதினோராம் நாள் பள்ளிக்கு வந்தான். பலகை முன்னால் நின்று அம்மாவின் அட்டையைப் பிய்த்து ஹெலினாவிடம் நீட்டினான். எங்கே போடணும் என்று கேட்கும் முகம்.

தூங்குகிறாள் என்றோ ஊருக்குப் போனாள் என்றோ இந்தப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், செத்துப்போனதைச் செத்துப்போனதென்றே சொல்லுங்கள் என்று பெற்றோர் கூட்டங்களில் எத்தனையோ பேரிடம் சொன்னவள் ஹெலினா. அவள் கை அட்டையை வாங்கியது. நீல டப்பாவுக்கு நேராகத்தான் போனது. பிறகு மஞ்சள் பைக்குள் போட்டது.

ஜெரோஷின் முகம் தெளிந்துவிட்டது. "நந்தர்," என்றான். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து மணி கோர்க்க ஆரம்பித்தான்.

நாளைக்குச் சொல்லலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நாளைக்குப் பதினான்கு மாதம்.

*

"நான் வேணா நீல டப்பாவுல போடட்டுமா?" என்று கேட்டாள் தலைமையாசிரியை வைஜயந்தி. பதினொரு மணி, இடைவேளை. நேற்று நடந்ததைக் கேட்டுவிட்டு, வகுப்புக்கு வந்து, மஞ்சள் பைக்குள் கைவிட்டு அந்த போட்டோவை எடுத்துப் பார்த்தவள் அவள்தான்.

"வேண்டாம் மேடம்."

"நான் உன்னைத் திட்டப் போறதில்லை. எங்கம்மா போனப்போ நான் அவ போனுக்கு மூணு மாசம் ரீசார்ஜ் பண்ணிண்டிருந்தேன்." வைஜயந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஆனா நான் ரீசார்ஜ் பண்ணினதால யாரும் நடுரோட்டுல நிக்கலை. நீ வாயால பொய் சொல்லியிருந்தா பரவாயில்லைன்னு விட்டுடலாம். பலகையில வெச்சுட்டியே."

"தெரியும்."

"மத்த எட்டுப் பேரும் அதைப் பார்த்துண்டுதான் இருக்கா. அதையும் யோசிச்சுக்கோ. ரெண்டேகாலுக்கு வேன் வந்துடும்."

ஹெலினா வகுப்புக்குத் திரும்பினாள். பாணேரிலிருந்து வரும் அனிருத், பதினாறு வயது, உருண்டை முகம், ஜெரோஷின் தோளில் கை போட்டபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"டீச்சர், ஜெரோஷ் பெரிய சேட்டு ஆயிட்டான். கம்பெனி போறான். எனக்கு சாய் கூட வாங்கித் தரலை."

"வேலை," என்றான் ஜெரோஷ் கண்டிப்பாக.

"என்ன வேலை? ஸ்பூன் போடற வேலை. நானும் ஸ்பூன் போடுவேன். நூறு ஸ்பூன் போடுவேன்."

"நீ நக்குவே," என்றான் ஜெரோஷ்.

வகுப்பே சிரித்தது. அனிருத்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தான். ஹெலினாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மணி கோர்த்தல், கை கழுவுதல், பாட்டு என்று ஒவ்வோர் அட்டையாக நீல டப்பாவுக்குப் போவதைப் பார்த்தாள். ஜெரோஷின் வரிசை குறைந்துகொண்டே வந்தது.

*

சாப்பாடு முடிந்து ஒன்றே முக்கால் மணிக்கு அவனைப் பலகை முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். தானும் எதிரே உட்கார்ந்தாள்.

அவளிடம் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்றில் ஒரு பச்சைக் கிளி. வகுப்பில் கூண்டில் இருந்த கிளி போன வருஷம் செத்துப்போனது. எல்லாரும் சேர்ந்து மைதானத்து ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். ஜெரோஷ்தான் மண் தள்ளினான். கிளிக்குத் தண்ணி வைக்கும் அட்டையை அன்று நீல டப்பாவில் போட்டார்கள். டப்பாவில் போன மற்ற அட்டைகளெல்லாம் மறுநாள் காலை பலகைக்குத் திரும்பி வரும். அது மட்டும் வரவில்லை.

"இது என்ன?"

"கிளி."

"கிளி எங்கே?"

"கிளி மண்ணு." அவன் கையால் தள்ளிக் காட்டினான். "ஜாலா."

முடிந்தது என்பதற்கு மராத்தியில் அதுதான்.

ஹெலினா மஞ்சள் பைக்குள் கைவிட்டு அம்மாவின் போட்டோவை எடுத்தாள். அட்டையின் ஓரம் நைந்திருந்தது. போன வாரம் வரை தினமும் மூன்றரைக்கு அவன் பைக்குள் எட்டிப் பார்த்து, அது இருக்கிறதா என்று தொட்டுவிட்டு வாசலுக்குப் போவான்.

"இது யாரு?"

அவன் சிரித்தான். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல. "அம்மா."

"அம்மா செத்துப் போயிட்டாங்க ஜெரோஷ். கிளி மாதிரி. அம்மா வர மாட்டாங்க."

அவள் அட்டையை நீல டப்பாவில் போட்டாள்.

அவன் உடனே குனிந்து அதை எடுத்து மஞ்சள் பையில் போட்டான். "அம்மா நந்தர்," என்றான், அவளைத் திருத்துகிற குரலில். பாவம் டீச்சர், இன்றைக்கு என்னவோ தப்பாகச் செய்கிறாள்.

அவள் எடுத்து மறுபடி டப்பாவில் போட்டாள். "அம்மா ஜாலா."

அவன் எடுத்தான். பையில் போட்டான்.

அவள் எடுத்தாள். இந்த முறை அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவன் பிடி பலமானது. அவளால் அசைக்க முடியவில்லை, அசைக்க முயலவும் இல்லை. இருவரும் அட்டையைப் பார்த்தார்கள். ஸ்டெல்லா ஆன்ட்டியின் மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோ. கொண்டையில் பூ. யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிய முகம்.

"அம்மா," என்றான் ஜெரோஷ். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா மண்ணு?"

"ஆமா."

"கிளி... அம்மா?"

"கிளி அங்க மைதானத்துல. அம்மா கல்லறைத் தோட்டத்துல. ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்கலாம். ஆனா வர மாட்டாங்க."

அவன் பிடி மெல்லத் தளர்ந்தது. கடிகாரத்தைப் பார்த்தான். அவனுக்கு மணி பார்க்கத் தெரியாது, மூன்றரையின் வடிவம் மட்டும் தெரியும். பிறகு எழுந்து மஞ்சள் பையின் முன்னால் போய் நின்றான். அதன் வாயை விரலால் விரித்து உள்ளே பார்த்தான்.

"நந்தர்?" என்று கேட்டான்.

அம்மாவைப் பற்றி அவன் கேட்கவில்லை. பையைப் பற்றிக் கேட்டான்.

"நான் தப்பா வெச்சுட்டேன்டா. டீச்சர் தப்பு."

அவன் அழவில்லை. அவள் கையிலிருந்த அட்டையை வாங்கினான். டப்பாவுக்குள் வைத்து மூடியை அழுத்தினான். திறந்தான். மறுபடி மூடினான்.

பின்னால் ஏதோ அசைவு. அவள் திரும்பினாள். எல்லாரும் மணி கோர்ப்பதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அனிருத் எழுந்து வந்து மஞ்சள் பைக்குள் கைவிட்டுத் தன்னுடைய நீச்சல் குளம் அட்டையை எடுத்தான். அதைச் சட்டைக்குள் போட்டுப் பட்டனை மாட்டிக்கொண்டான். சனிக்கிழமை போகலாம் என்று போட்டு வைத்திருந்தது அது.

*

"ஆவோ ஹீரோ," என்று கூப்பிட்டார் வேன் டிரைவர் இஸ்மாயில். தினமும் அந்த வார்த்தைக்கு ஜெரோஷ் ஒரு சல்யூட் வைப்பான். இன்று படியேறிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

"என்ன டீச்சர், ஹீரோவுக்கு மூடு இல்லையா?" என்று ஹிந்தியில் கேட்டார் இஸ்மாயில்.

"இன்னைக்குப் பார்த்து ஓட்டுங்க பாய்," என்றாள் ஹெலினா.

கிளம்புவதற்கு முன் வழக்கம்போல அவனுக்குக் காட்டியிருந்தாள். ஹெலினாவின் போட்டோ ஒட்டிய அட்டை. ஆறு மணிக்கு அக்கா வருவேன். அட்டையை அவன் கண் முன்னால் மஞ்சள் பையில் போட்டாள். அவன் அதைப் பார்த்தான், அவ்வளவுதான். அவள் மழைக்கோட்டை எடுக்க உள்ளே போய்விட்டு வந்தபோது பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றான்.

மூன்றரை மணிக்கு அவள், கூட்டிப்போக இன்னும் ஆள் வராத பிள்ளைகளுக்கு வகுப்பில் பாட்டு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கை தட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்தைந்து. மூன்று நாற்பது. போன் மேசையில் அசையாமல் கிடந்தது.

நாலு மணிக்கு, பிள்ளைகளெல்லாம் போன பிறகு, ப்ரீதி கூப்பிட்டாள்.

"மேம், குட் நியூஸ். இன்னைக்கு அவர் எழுந்திருக்கவே இல்லை. மூன்றரைக்கு நான் டோர்கிட்டயே நின்னேன். தலையைக்கூடத் தூக்கலை. மண்டேலேர்ந்து ரெகுலரா வரட்டும். ஐடி கார்டுக்கு போட்டோ அனுப்பிடுங்க."

"தேங்க்யூ ப்ரீதி."

"நீங்க என்ன மேஜிக் பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை," என்றாள் ஹெலினா.

வைஜயந்தியிடம் சொன்னபோது அவள் எழுந்து வந்து ஹெலினாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மேசை டிராயரிலிருந்து ஒரு பேடாவை எடுத்து அவள் வாயில் திணித்தாள். "நோக்கு இன்னும் புரியலை, பத்து வருஷம் கழிச்சுப் புரியும், நீ அவனுக்கு என்ன பண்ணியிருக்கேன்னு." பேடா இனிப்பு நாக்கில் கரைய மறுத்தது. ஹெலினா அதை வாயிலேயே வைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தாள்.

மறுநாளைக்கான அட்டைகளை அடுக்க வேண்டும். நீல டப்பாவைத் திறந்தாள்.

மேலாகவே இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று அம்மா. அதன்மேல், ஓரம் பார்த்து நேராக வைக்கப்பட்டு, அவள்.

மஞ்சள் பைக்குள் கைவிட்டுத் தேடினாள். மழைக்கோட்டு எடுக்கப் போன அந்த ஒரு நிமிடத்தில் அவன் செய்திருக்கிறான். பைக்குள் போனவர்கள் வரமாட்டார்கள் என்று அவனுக்கு இப்போது தெரியும். அக்காவும் பைக்குள்தான் இருந்தாள். அக்காவையும் எடுத்து, சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

*

வாகட் பாலத்துக்குக் கீழே ஹெலினாவின் ஆட்டோ இருபது நிமிடம் நின்றது. எதிர்ப்பக்கம் ஹிஞ்சேவாடியிலிருந்து வெளியே வருகிற கார்களின் விளக்குகள் மழையில் கரைந்து ஒரே நீளமான ஒளியாகக் கிடந்தன. அத்தனை கார்களில் இருந்தவர்களும், வீட்டில் தங்களுக்காகக் காத்திருக்கிற யாரோ ஒருவரிடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆறு பத்துக்கு அவள் கேன்டீனுக்குள் ஓடினாள்.

நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் வைத்திருந்தார்கள். கடைசி மேசையில் மட்டும் விளக்கு. ஜெரோஷ் தலை குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான். ஸ்பூன். டிஷ்யூ. சோம்பு. ஒட்டு.

ப்ரீதி பக்கத்தில் நின்றிருந்தாள், கையில் கார் சாவியோடு. "இவர்கூட பேக் பண்ற மத்த ரெண்டு பேரும் ஆறு மணிக்கே வேன்ல போயிட்டாங்க. இவரை எழுந்திருங்கன்னா கேட்கலை. ஸ்டாக் எல்லாம் முடிஞ்சுபோச்சு மேம். அவர் பேக் பண்ணதையே பிரிச்சு மறுபடி பேக் பண்றார்."

"ஜெரோஷ்," என்றாள் ஹெலினா.

அவன் நிமிர்ந்தான். பார்த்தான். கோபம் இல்லை, பயம் இல்லை. ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருக்கிற யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான்.

"வா, வீட்டுக்குப் போலாம். அக்கா வந்துட்டேன் பாரு. அக்கா வந்துட்டேன்ல?"

அவள் அவன் தோளில் கை வைத்தாள். அவன் ஸ்பூனைக் கீழே வைத்தான். அவள் கையை மெதுவாகத் தன் தோளிலிருந்து எடுத்து, அவள் பக்கமாகவே இறக்கிவிட்டான். மறுபடி ஸ்பூனை எடுத்தான்.

எழுந்திருக்கச் சொல்வதற்கு ஆயிரம் வழிகள் அவளுக்குத் தெரியும். பதின்மூன்று வருஷமாக அதுதான் அவள் வேலை. ஒரு படம், ஒரு பாட்டு, முழங்கையில் லேசான ஒரு தொடல். எதைச் செய்தாலும் அது அவள் செய்ததாக இருக்கும். அவள் செய்ததைத்தான் அவனால் இப்போது நம்ப முடியவில்லை.

"ஏழு மணிக்கு லாக் பண்ணிடுவாங்க மேம்," என்றாள் ப்ரீதி தயங்கி. "செக்யூரிட்டியைக் கூப்பிடவா? தூக்கிட்டு வந்து ஆட்டோல..."

"வேண்டாம். ப்ளீஸ்."

ஹெலினா ஜன்னல் பக்கம் போய் வீட்டுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே அப்பா எடுத்தார். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்.

"என்னட்டி, வேலை கெடச்சிட்டா?"

"கெடச்சிட்டுப்பா."

"அவன் மூன்றரைக்கு எந்திரிக்கலியா?"

"இல்ல."

அப்பா மூச்சு விடும் சத்தம் கேட்டது. சந்தோஷமா இல்லையா என்று அதில் தெரியவில்லை. "சரி. கூட்டிட்டு வா. சோறு வச்சிருக்கேன்."

"அவன் என்கூட வர மாட்டேங்கான்ப்பா."

"என்னது?"

அவள் சொன்னாள். நீல டப்பாவில் இருந்த இரண்டு போட்டோக்களையும் சொன்னாள்.

"நீங்க வரணும்ப்பா," என்றாள் கடைசியில்.

"நானா? நான் வந்து என்னத்தட்டி செய்ய? நீ படிச்சவ. ஒனக்கே வரலன்னா..."

"அந்தப் பலகைல உங்க அட்டை இல்ல. ஒருநாளும் வச்சதில்ல. உங்களை வச்சு நான் அவனுக்கு ஒண்ணும் சொன்னதில்லப்பா."

மறுமுனையில் ஒரு ரயில் கடந்து போனது.

"எப்படி இருக்கும்," என்றார் ஹெர்பர்ட். "பதினாலு வருசத்துல ஒருநாளாவது நான் அந்த ஸ்கூல் வாசலுக்கு வந்திருந்தாத்தான. அவளே போய்க் கூட்டிட்டு வருவா. எனக்கு... நாலு பேரு பாக்கானுவளேன்னு இருக்கும்."

ஹெலினா ஜெரோஷைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னையக் கண்டா எந்திரிப்பானா?"

"தெரியலப்பா."

பின்னால் ஒட்டும் டேப் கிழிபடும் சத்தம். ஜெரோஷ் ஒரு பொட்டலத்தை ஒட்டி ஓரமாக வைத்தான். அதையே எடுத்து மறுபடி பிரித்தான். மணி ஆறு முப்பத்தைந்து. தேஹு ரோடிலிருந்து இந்த மழையில், இந்த நெரிசலில், ஏழு மணிக்குள் யாராலும் வர முடியாது. அது அப்பாவுக்கும் தெரியும்.

"அப்பா? இருக்கியளா?"

மழையின் சத்தம் மட்டும் போனில் திடீரென்று பெரிதாகக் கேட்டது, கதவைத் திறந்துகொண்டு யாரோ வெளியே இறங்கியது போல.